அறுபத்தொரு வெதுவெதுப்பான கலயங்கள்

அநீதி இழைக்கப்பட்டவர் பெயர் பலவேசம். வயது ஐம்பத்திரண்டு. வடகரைப்பேட்டையிலிருந்து ரயில்வே கேட் வழியாக அணைக்கட்டு வரை போய்வரும் மினி பஸ்ஸில் பத்தொன்பது வருடம் நடத்துனர். என் அப்பா. அவருக்கு நடந்த அநீதி இரண்டு. சாக வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வைகாசி வியாழக்கிழமை அவர் செத்துப்போனது ஒன்று. எந்த வருடமாக இருந்தாலும் அவர் செத்துத்தான் இருப்பார் என்பதுபோல "மாரடைப்பு" என்று ஒரே வார்த்தையை எழுதி, நகராட்சி முத்திரை குத்திக் கொடுத்தது இன்னொன்று. முதல் அநீதியைச் செய்தது கிருமியா, கிடைக்காத படுக்கையா என்று உட்கார்ந்து வாதாடலாம், நான் எதற்கும் தயார். இரண்டாவதைச் செய்தது மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனிதர்கள். அதில் வாதாட எதுவும் இல்லை.

பெருந்தொற்று பரவிய அந்த நாட்களில் எங்கள் ஊரில் காடாற்று கிடையாது. எரித்த மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போய், சாம்பல்மேல் பால் தெளித்துச் சூட்டைத் தணித்து, எலும்பு பொறுக்கிக் கலயத்தில் இட்டு, ஆற்றில் கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீடு வருவதுதான் காடாற்று. அது முடிந்தால்தான் எங்கள் பக்கத்தில் செத்தவர் முழுதாகச் செத்தவர். அந்த வருடம் நகராட்சி எரிமேடையின் கேட்டைப் பூட்டிவிட்டு, மதிலுக்கு மேலாகக் கலயத்தை நீட்டினார்கள். துணியால் வாய் கட்டிய மண் கலயம், கழுத்தில் நீல மையில் எண் எழுதிய அட்டை. கை நீட்டி வாங்கியவர்கள் எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை "சுடுதே" என்பதுதான். "இப்பதானே எரிச்சோம், வீட்டுக்குப் போறதுக்குள்ள ஆறிரும்" என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

ஆறவில்லை. மறுநாளும் ஆறவில்லை, மறுவாரமும் ஆறவில்லை. பதினாறாம் நாள் கரைக்கப் போனவர்கள் கலயத்தைச் சாய்த்ததும் படித்துறைத் தண்ணீர் கொப்பளித்துக் கொதித்தது, கெண்டைகள் வயிறு மேலாக மிதந்தன, மேலத்தெருப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களின் கணுக்கால் வெந்தது. சாம்பல் கரையாமல் கரையேறி மணலில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதைக் கரண்டியால் வழித்துக் கலயத்தில் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு ஆற்றில் சூடான பொருட்களைக் கரைக்கக் கூடாது என்று நகராட்சி ஒரு பலகை வைத்தது. ஏன் சூடாக இருக்கிறது என்று அந்தப் பலகை கேட்கவில்லை.

ஆகவே கலயங்கள் வீட்டிலேயே இருந்தன. ஊர் எதற்குத்தான் பழகவில்லை? முதல் மாதம் விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். இரண்டாவது மாதம் பிள்ளைகள் தொட்டுச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கப் பரணில் வைத்தார்கள். ஐப்பசி அடைமழையில் துணி காயாத மூன்றாம் நாள், யாரோ ஒரு மருமகள் யாரும் பார்க்காத நேரத்தில் பள்ளிக்கூடச் சீருடையைக் கலயத்தின்மேல் விரித்துப் போட்டு, அது பத்து நிமிடத்தில் மொடமொடவென்று காய்ந்ததும், மாமனாரை நினைத்து அழுதுகொண்டே அடுத்த சட்டையையும் விரித்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. கலயத்துக்குப் பக்கத்தில் வைத்த இட்லி மாவு அரை நாளில் பொங்கியது. உறை ஊற்றிய பால் சாயங்காலத்துக்குள் தயிரானது. கோழி அடைகாக்க மறுத்த முட்டைகள் கலயத்தடியில் பொரித்தன, அந்தக் குஞ்சுகள் வளர்ந்தும் அந்த வீட்டை விட்டுத் தெருவில் இறங்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் நகை விசாரித்த கையோடு "உங்க வீட்டுல கலயம் உண்டுமா?" என்று கேட்டார்கள். உண்டு என்றால் சிலர் எழுந்து போனார்கள், சிலர் அடுப்புச் செலவு மிச்சம் என்று சம்மதித்தார்கள். கீழரத வீதியில் அண்ணன் தம்பி இருவர் அப்பாவின் சூட்டைப் பாகம் பிரித்து ஆளுக்கொரு கலயமாக எடுத்துப் போனார்கள், இரண்டும் ஒரே அளவு சுட்டது.

புதைத்த குடும்பங்களிலும் அப்படித்தான். பள்ளிவாசல் கபர்ஸ்தானிலும் சர்ச் கல்லறைத் தோட்டத்திலும் அந்த வருடத்து மண்ணில் மட்டும் நெருஞ்சிகூட முளைக்கவில்லை, மழை விழுந்தால் ஆவி எழும்பியது, ஊரிலுள்ள பூனைகளெல்லாம் அங்கே போய்ச் சுருண்டுகொண்டன.

ஆனால் எல்லாச் சாம்பலும் சுடவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அரசாங்கம் எங்கள் ஊருக்கென்று ஒத்துக்கொண்ட தொற்று மரணங்கள் நாற்பத்து மூன்று. அந்த நாற்பத்து மூன்று பேரின் சாம்பல் மறுநாளே ஆறிவிட்டது. மாமரத்திலிருந்து விழுந்தவர், பாம்பு கடித்தவர், தொண்ணூற்றிரண்டு வயதில் சாப்பிட்டுவிட்டுப் படுத்து எழாதவர், இவர்கள் சாம்பலும் ஆறிவிட்டது. எவருடைய சாவுக்கான காரணத்தை வேறாக எழுதினார்களோ அவர்கள் சாம்பல்தான் சுட்டது. ஊருக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே தயிர் உறைய வைத்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை படிக்கிறேன். அப்பா செத்த அன்று விடுதியை அடைத்துச் சீல் வைத்திருந்தார்கள், நான் நூற்று அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு வந்ததும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு கொடுத்தேன். பிறப்பு இறப்புப் பதிவு மேஜையில் எபனேசர் என்று ஓர் இளநிலை உதவியாளர் இருந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். எப்போதும் நனைத்த கைக்குட்டை ஒன்றை வலது காதில் பொத்திக்கொண்டு இடது கையால்தான் எழுதுவார்.

"காதுல என்ன சார்?"

"சூடும்மா. உடம்புச் சூடு. மனுவுல என்ன கேட்டிருக்க?"

"ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் இந்த ஊர் முகவரியில எத்தனை சாவு பதிவாச்சு. இந்த வருஷம், அதுக்கு முந்தின அஞ்சு வருஷம். அவ்வளவுதான் சார். காரணம் வேண்டாம்."

"காரணம் வேண்டாமா?" அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் காரணத்தைத்தான கேக்காங்க."

"நீங்க எழுதுற காரணத்தை வச்சு நான் என்ன சார் செய்ய?"

கைக்குட்டையைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மறுபடி காதில் வைத்துக்கொண்டார். முப்பதாம் நாள் பதில் வந்தது.

சாவின் காரணத்தை மாற்றி எழுதலாம், சாவை மாற்றி எழுத முடியாது. ரேஷன் அட்டையில் பெயர் நீக்க, வங்கியில் பணம் எடுக்க, வாரிசுச் சான்றிதழ் வாங்க என்று எல்லோரும் சாவைப் பதிந்துதான் ஆக வேண்டும். முந்தைய ஐந்து வருடங்களில் அதே நான்கு மாதங்களில் எங்கள் ஊரில் செத்தவர்கள் 151, 148, 160, 155, 146. சராசரி 152. அந்த வருடம் 563. நானூற்றுப் பதினொரு பேர் அதிகம். நாற்பத்து மூன்றைக் கழித்தால் முந்நூற்று அறுபத்தெட்டு பேர் காரணம் இல்லாமல் அதிகமாகச் செத்திருக்கிறார்கள். எந்த வருடமும் சரியாக 152 பேர் சாவதில்லை, கூடும் குறையும் என்பீர்கள். சரி, தாராளமாகவே விட்டுக்கொடுக்கிறேன், இந்தப் பக்கம் இருபத்து நான்கு, அந்தப் பக்கம் இருபத்து நான்கு. அப்படியும் 344-லிருந்து 392-க்குள் ஒரு ஊரே விடுபட்டுப் போயிருக்கிறது.

இதற்கு எனக்குப் பல்கலைக்கழகம்கூடத் தேவைப்பட்டிருக்காது. செக்கிங் அதிகாரி ஏறும்போதெல்லாம் அப்பா டிக்கெட் புத்தகத்தை நீட்டுவார், அதிகாரி அதை வாங்காமல் கீழே இறங்கி நின்று பஸ்ஸைப் பார்ப்பாராம். எத்தனை டிக்கெட் கிழித்தோம் என்று புத்தகம் சொல்லும், எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைப் பஸ் சாய்ந்திருக்கிற சாய்வு சொல்லும் என்று அப்பா சிரிப்பார். அந்த வருடம் எங்கள் ஊர் அப்படித்தான் சாய்ந்திருந்தது. புத்தகத்தில் நாற்பத்து மூன்று டிக்கெட்.

மார்கழியில் நான் தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏறினேன். அந்த மாதம் விடியும்போது ஆற்றிலிருந்து எழும் பனி ஊரை முழுக்க மூடிவிடும், கோபுரமும் மணிக்கூண்டும் மட்டும்தான் தெரியும். அன்று அந்தப் பனியில் துளைகள் இருந்தன. சுடுகிற கலயம் இருக்கும் ஒவ்வொரு கூரைக்கு மேலேயும் பனி விலகி, கிணறு வெட்டியதுபோல வட்டமாக ஒரு துளை, அதன் அடியில் கூரை ஓடுகளும் கொடியில் காயும் சேலையும் தெளிவாகத் தெரிந்தன. ஒன்பது விடியற்காலைகள் ஏறி, பாகம் பிரித்த கலயங்களை ஒன்றாக வைத்து எண்ணினேன். வீடுகள் இருநூற்று ஐம்பத்தொன்று, கல்லறைகள் ஐம்பத்தெட்டு. மொத்தம் 309. "மார்கழி மாதத்தில் கூரைகளில் பனி காணப்படாதது வெயிலின் காரணமாகவே" என்று நகராட்சி அறிவிப்பு ஒட்டியது; ஊர் அதைப் படித்துவிட்டு, கலயத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்ந்தது.

309. என் கணக்கு சொன்ன எல்லைக்கு அது வெளியே இருந்தது. குறைந்தது முப்பத்தைந்து பேரைக் காணவில்லை. எண்ணியதில் தவறா, கணக்கில் தவறா என்று நான் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே துளை இல்லை.

எங்கள் கலயம் சுடாது. ஆறவும் ஆறாது. வெதுவெதுப்பாக இருக்கும். அம்மா, சண்முகக்கனி, காலையில் எழுந்ததும் புறங்கையை அதன் வயிற்றில் வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல்காரர் நெற்றியைத் தொடுவதுபோல. "இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு" என்பாள். அதில் அவள் மாவு வைக்கவில்லை, துணி போடவில்லை. தினமும் அதனிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள். அப்பாவுக்குத் தொற்று இல்லை. நெஞ்சு வலி. அன்று காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அம்மா, வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று ஓம வாட்டர் கொடுத்துப் படுக்கச் சொன்னாள். பிறகுதான் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தாள். படுக்கை இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, எல்லாம் தொற்றுக்குப் போய்விட்டது என்றார்கள். எத்தனை மணிக்கு முதலில் கூப்பிட்டாள் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. பட்டன் போனில் கடைசிப் பத்து அழைப்புகள்தான் நிற்கும், துக்கம் விசாரித்தவர்களின் எண்கள் அதையும் தள்ளிவிட்டன. ஒவ்வொரு மாதமும் அவள் ஞாபகத்தில் அந்த நேரம் தள்ளிப் போனது. முதலில் ஒன்பது என்றாள், பிறகு பத்து, இப்போது பதினொன்றரை என்கிறாள்.

"நான் உடனே கூப்பிட்டிருந்தா அவுக இருந்திருப்பாகளா வடிவு?"

"அம்மா, அந்த வருஷம் செத்த நாலு பேர்ல மூணு பேர் வேற எந்த வருஷத்துலயும் செத்திருக்க மாட்டாங்க. அப்பா அந்த மூணு பேர்ல ஒருத்தரா இருக்க..."

"அது ஊருக்கு. எனக்குச் சொல்லுட்டி."

நான் வேறொன்று செய்தேன். வீடு வீடாகப் போய், "உங்க கலயத்தைக் கையில எடுத்தா எப்படி இருக்கு?" என்று கேட்டேன். டயாலிசிஸ் நாள் தள்ளிப்போய்ச் செத்தவர், பிரசவ வார்டு மூடிக் கிடந்ததால் வாசலிலேயே செத்த பெண், கடை திறக்காமல் தூக்கு மாட்டிக்கொண்ட ஜெராக்ஸ் கடைக்காரர். பனியில் துளை போடாத, ஆனால் ஆறவும் மறுத்த கலயங்கள். அறுபத்தொன்று. 309-ம் 61-ம் 370. என் எல்லைக்குள், ஏறக்குறைய நடுவில். பிறகு ஆறிப்போனவர்களை எண்ணினேன்: 563-இல் நாற்பத்து மூன்றும் முந்நூற்று எழுபதும் போக மிச்சம் நூற்றைம்பது. எந்த வருடமும் சாகிற அதே நூற்றைம்பது. தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். கலயங்கள் என்னைவிடத் துல்லியமாகக் கணக்கு வைத்திருந்தன.

பங்குனியில் ஒருநாள் ஒரு கலயம் ஆறியது. மணிக்கூண்டடி டீக்கடை தவசிமுத்து அண்ணாச்சி, மனைவியின் கலயத்தைப் பால் சட்டிக்கு அடியில்தான் வைத்திருந்தார். "அடுப்பை அணைச்சாலும் பால் ஆறாது, அவ அப்படி" என்பார். அந்த அம்மாவுக்கு "மூச்சுத் திணறல்" என்று எழுதிக் கொடுத்த தனியார் டாக்டர் தினமும் அங்கேதான் டீ குடிப்பார். அண்ணாச்சி தினமும் டம்ளரை நீட்டும்போது, "டாக்டரய்யா, எம் பொண்டாட்டிக்கு என்ன வந்துது?" என்று கேட்பார், டாக்டர் தினமும் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்வார். பத்து மாதம் இப்படி. அன்று டாக்டருக்குத் தூக்கம் இல்லையோ என்னவோ, டம்ளரை வாங்காமல் நின்று, "அதேதான் அண்ணாச்சி. எனக்கு அப்பவே தெரியும். மாத்தி எழுதச் சொன்னாங்க, எழுதினேன்" என்றார். கடையில் இருந்த பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலின்மேல் மெல்ல ஆடை படிந்தது. அண்ணாச்சி சட்டியை நகர்த்திக் கலயத்தைத் தொட்டார். சாதாரண மண்.

ஊர் அதற்கு முன்பே எல்லாம் செய்து பார்த்திருந்தது. வீட்டுக்காரர்களே கலயத்துக்கு முன்னால் நின்று உண்மைக் காரணத்தைச் சொன்னார்கள், கத்தினார்கள், பாதிரியாரையும் ஐயரையும் ஹஜ்ரத்தையும் வைத்துச் சொல்ல வைத்தார்கள். எதுவும் ஆறவில்லை. மறைத்தவர்கள் வாயால் வர வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கு மறுநாள் நகராட்சி அலுவலக வாசலில் கலயங்களோடு வரிசை நின்றது. அந்த வரிசைக்குப் பக்கத்தில் போனாலே வியர்த்தது, வாசலில் நின்ற வேப்பமரம் சித்திரை பிறக்குமுன் இலையெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் ஆணையர் ஒரு குழு போட்டார்: வெப்பச் சாம்பல் சரிபார்ப்புக் குழு.

பந்தல் போட்டு மேஜை வைத்தார்கள். ஆனால் அலுவலகம் அலுவலகம்தானே, சோதனை இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ள முடியுமா? எவர் வேண்டுமானாலும் கலயத்தை அடுப்பில் காட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்துவிடலாம் என்று யோசித்து, ஒரு விதி எழுதினார்கள். கலயத்தின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கப்படும். பத்து நிமிடத்தில் கொதித்தால் தொற்று மரணம். கொதிக்காவிட்டால் இல்லை. கல்லறைகளுக்கு டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் போனார்கள். தண்ணீர் கொதித்ததும் ஆணையர் எழுந்து நின்று பெயர் சொல்லி, "அன்னார் பெருந்தொற்றால் இறந்தார்" என்று வாசிப்பார். சூடு அடங்கும். சொந்தக்காரர்கள் அங்கேயே பால் தெளித்து, அழுது, கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். பதினேழு நாட்கள் அந்த மைதானம் பாலில் ஊறிப் புளித்த வாடை அடித்தது, எறும்புகள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தன. தவசிமுத்து அண்ணாச்சி மனைவியையும் சேர்த்து முந்நூற்று ஒன்பது பேரும் ஆறினார்கள். சில வீடுகளில் அதற்குப் பிறகும் பழக்கத்தில் மாவுச் சட்டியைப் பரணுக்கடியில் வைத்துவிட்டு, பொங்காத மாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. டம்ளர் வைத்தார்கள். பத்து நிமிடம். குழுவில் இருந்த சுகாதார ஆய்வாளர் விரலை விட்டுப் பார்த்தார்.

"குளிக்கிற பதம். கொதிக்கல. அடுத்தவங்க வாங்க."

"கொதிக்கணும்னு யார் சார் சொன்னது?" என்றேன்.

"விதிம்மா."

"அந்த விதியை யார் எழுதினது?"

"நாங்கதான்."

அறுபத்தொரு பேருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு கொடுத்தார்கள்: கொதிநிலை எட்டப்படாததால் நிராகரிக்கப்படுகிறது. அம்மா கலயத்தை முந்தானையில் பொதிந்துகொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் நின்று, "அப்ப பாதி என் தப்புதான்" என்றாள். "அதான் பாதிச் சூடு."

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அரசாங்கம் என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதன் டம்ளர் தண்ணீர் என் அம்மாவைக் குற்றவாளி ஆக்கியதைப் பொறுக்க முடியாது. வரைபடங்கள், அட்டவணைகள், பதினான்கு பக்கம் எழுதி மேல்முறையீடு செய்தேன். விசாரணைக்கு அழைத்தார்கள். ஆணையர் வெளியூர்க்காரர், பொறுமையானவர், என் பதினான்கு பக்கத்தையும் படித்திருந்தார், அதை மறைக்கவும் இல்லை. மூலையில் எபனேசர் காதைப் பொத்திக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அம்மா கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மக்கள்தொகை கூடியிருக்கும் இல்லையாம்மா?" என்று ஆணையர் ஆரம்பித்தார்.

"கூடியிருக்கு மேடம். நூத்துக்கு ஒண்ணு. அதுக்கு ரெண்டு சாவு கூடும். நானூறு கூடாது."

"சுத்துப்பட்டு கிராமத்து ஆட்கள் இங்க வந்து இறந்திருக்கலாம்."

"இந்த ஊர் முகவரியை மட்டுந்தான் கேட்டு வாங்கினேன். ஏழாவது பக்கம். இன்னொண்ணும் சொல்றேன், ஊரடங்குல பஸ் ஓடல, லாரி ஓடல, விபத்துல சாகிறவங்க குறைஞ்சிருக்கணும். அப்ப நான் சொல்றதைவிடக் கூடத்தான் இருக்கும். முந்நூத்து ஒன்பதோட நிறுத்தினா உங்க கணக்கு எந்தப் பக்கமும் நிக்காது மேடம். இந்த அறுபத்தொண்ணும் சேர்ந்தாத்தான் நிக்கும். தொத்து வந்து செத்தவங்க மட்டுமா தொத்தால செத்தவங்க? தொத்து படுக்கையை எடுத்துக்கிச்சு, அந்தப் படுக்கை இல்லாம செத்தவங்க யார் கணக்கு?"

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா சராசரிங்கிறது ஒரு ஆள் இல்லையேம்மா. நானூத்திப் பதினொரு பேர் அதிகம்னு உங்க கணக்கு சொல்லுது. அதுல உங்க அப்பா எத்தனாவது ஆள்? மாரடைப்புல எல்லா வருஷமும்தான் இறக்கிறாங்க. அவர் அந்த நூத்தைம்பதுல ஒருத்தர் இல்லைன்னு உங்க கணக்கால சொல்ல முடியுமா?"

முடியாது. எத்தனை பேர் என்று அது சொல்லும், யார் என்று சொல்லாது. அவர் கேட்டது சரியான கேள்வி என்பதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

அப்போது அம்மா எழுந்தாள்.

"மேடம், இவ கணக்கு எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் வாயுன்னு நினைச்சு ஓம வாட்டர் குடுத்துட்டேன். படுங்கன்னு சொல்லிட்டேன். அப்புறந்தான் போன் போட்டேன். நான் தாமசம் பண்ணினதால போனாகளா, இல்ல எப்படியும் போயிருப்பாகளா? அதை மட்டும் சொல்லிருங்க. இவுகளைக் கொண்டுபோய்க் கரைச்சிருதேன். தொத்துன்னு எழுத வேண்டாம், ஒண்ணும் எழுத வேண்டாம்."

ஆணையர் என்னைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். "அதைச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லம்மா" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. அதனால் திருப்பிக் கத்தவும் எனக்கு வழியில்லாமல் போனது.

மூலையில் எபனேசரின் காதிலிருந்த கைக்குட்டை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், சருகாக உலர்ந்திருந்தது. குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் ஒரு நீளமான பதிவேடு, கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். காதில் கைக்குட்டை இல்லை, அந்தக் காது செங்கல்போலச் சிவந்திருந்தது.

"உள்ள வாங்க தம்பி" என்றாள் அம்மா.

"இல்லக்கா. முதல்ல சொல்லிருதேன்." அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. "அந்த ரெண்டு மாசம் என்னை ஆபீஸ்லேர்ந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போட்டிருந்தாங்க. போன் எடுக்கிற வேலை. படுக்கை இல்லைன்னு சொல்ற வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை சொல்லியிருப்பேன். தொத்துன்னு சொன்னா வரிசையில பேர் எழுதணும், மத்த நோய்னா எழுத வேண்டாம், போனை வச்சிரணும்னு உத்தரவு. ஆனா நான் எழுதினேன். யார் கூப்பிட்டாங்க, எத்தனை மணின்னு எழுதினேன். அப்புறம் இறப்புப் பதிவு மேஜைக்கு வந்துட்டேன். அங்க அதே பேருங்க எனக்கு முன்னால வந்துது. மாரடைப்பு, சிறுநீரகம், பிரசவம்னு நானே எழுதினேன்." காதைத் தொட்டுக்கொண்டார். "பொத்திப் பொத்திப் பார்த்தேன். ஆறல."

"ஆணையருக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"நேத்து அவங்க மேஜையில ஒரு பிரதி வச்சேன். படிச்சாங்க. கையெழுத்துப் போடல, வேண்டாம்னும் சொல்லல." அவர் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். "அறுபத்தொரு பேரும் இதுல இருக்காங்க. ஜெராக்ஸ் கடைக்காரர்கூட, கடை திறக்க அனுமதி உண்டான்னு மூணு தடவை கூப்பிட்டிருக்கார். நீதான சரிபார்க்கிற ஆளு, பாத்துக்கோ. மத்த அறுபது வீட்டுக்கும் இன்னைக்கே போறேன். இங்கதான் முதல்ல வந்தேன், இவுகதான் கேள்வியாக் கேட்டாங்க."

நான் பக்கத்தைப் புரட்டினேன். அவர் கையெழுத்து. வைகாசி, அந்த வியாழக்கிழமை, எங்கள் எண். கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும், அவர் வாயால்தான் வர வேண்டும்.

அம்மா உள்ளே போய்க் கலயத்தை எடுத்துவந்து வாசற்படியில் வைத்தாள். நான் செம்பில் பால் எடுத்துவந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அம்மா கலயத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போலப் புறங்கையை அதன்மேல் வைத்து, எடுக்காமல் இருந்தாள். எபனேசர் செருப்பைக் கழற்றினார், தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், தொண்டையைச் செருமிவிட்டு, அலுவலகக் குரலில் ஆரம்பித்து, அந்தக் குரல் பாதியில் விட்டுப்போக, சொந்தக் குரலில் வாசித்தார்:

"மனுதாரர் சண்முகக்கனி அவர்களுக்குப் பதில். உங்கள் கணவர் பலவேசம் அந்த வருடம் சாக வேண்டியவர் அல்ல. உங்கள் முதல் அழைப்பு காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. மதியம் ஒன்று நாற்பது வரை நான்கு முறை கூப்பிட்டீர்கள். நான்கு முறையும் நான்தான் எடுத்தேன். எட்டுப் பத்துக்கு ஒரு படுக்கை கொடுத்திருந்தால் அவர் இருந்திருப்பார். நீங்கள் தாமதிக்கவில்லை, அக்கா. தாமதித்தது நாங்கள்."